பல்லக்குத் திரையை விலக்கிப் பார்க்கிறவள்

போன மாதம் நாமெல்லாரும் செட்டிநாட்டுப் பக்கம் அந்தப் பழைய வீட்டைப் பார்க்கப் போனபோது நான் செய்த காரியத்துக்காக, திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் ஒருத்தரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கயிறு கட்டி வைத்திருந்த இடத்தைத் தாண்டினேன். பல்லக்கின் திரையை விலக்கினேன். உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன். காவலாளி ஓடி வந்து சத்தம் போட்டான். "இந்த வயசுல இவளுக்கு எதுக்கு இந்த வேலை" என்று பைண்டிங்கில் என்னோடு வேலை பார்த்தவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நாம் வேலை பார்த்த லேபிள் அச்சாபீஸின் இயந்திரச் சத்தத்தில் உங்கள் எல்லாருக்கும் காது மந்தமாகிவிட்டது. எனக்கு இன்னும் நன்றாகவே கேட்கிறது.

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. காரணத்தை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு, இனி என்னை வேனில் ஏற்றுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம். அறுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. எங்கள் ஊர் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் இருந்தது. ஊருக்கு மேற்கே ஜமீன் வீடு. அதை வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அரண்மனை என்பார்கள். நாங்கள் கிழக்கே, அந்த அரண்மனைப் பண்ணையில் காலங்காலமாகக் கூலி வேலை செய்த தெருவைச் சேர்ந்தவர்கள். ஜமீன் ஒழிந்தது, நிலம் பல கைக்குப் போனது, மழையும் ஏமாற்றியது. எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போகத் தொடங்கினார்கள். விடிந்ததும் கம்பெனி லாரி தெருமுனையில் வந்து நிற்கும். சாயங்காலம் திரும்பி வரும்போது லாரிக்கு முன்னாலேயே கந்தக வாடை வந்துவிடும்.

என் பெரியப்பா அப்படித்தான் வருவார். அலுமினியப் பொடி புருவத்திலும் காதோரத்திலும் ஒட்டி, மனிதர் வெள்ளிப் பூச்சு பூசிய மாதிரி மினுங்குவார். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அது முழுதாகப் போகாது. வலது தோளில் மட்டும் ஒரு காய்ப்பு உண்டு. சின்ன வயதில் நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் முதுகில் ஏறுவேன். அது பட்டாசு வேலையில் வந்ததல்ல. ஜமீன் இருந்த காலத்தில் அரண்மனைப் பெரியம்மாவின், அதாவது ஜமீன்தாரின் தாயாரின், பல்லக்கைத் தூக்கித் தூக்கி வந்தது.

அந்தப் பெரியம்மாவை ஊரில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. பங்குனிப் பொங்கலுக்கு மட்டும் அம்மன் கோயிலுக்கு மூடு பல்லக்கில் வருவார். அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் பல்லக்குத் தூக்கிகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஏறியாயிற்று என்று அரண்மனை நிர்வாகத்தைப் பார்த்த காரியஸ்தர் கையைத் தட்டினால்தான் திரும்பலாம். வழியில் வேப்பமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. பல்லக்கை அங்கே இறக்கி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் ஊர்க்காரர்கள் திரைக்கு முன்னால் குனிந்து நின்று தங்கள் குறையைச் சொல்லலாம். வருடத்தில் அந்த ஒரு தடவைதான். பெரியம்மா வாய் திறந்து பேச மாட்டார். காரியஸ்தர் திரையோரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பதில் சொல்வார். "ஆகட்டும்னாக" என்றால் காரியம் முடிந்தது. "வேண்டாம்னாக" என்றால் அதோடு விட வேண்டியது. "யோசிக்கிறாக" என்றால் காத்திருக்க வேண்டும். அம்மா யோசிக்கும்போது நாம் முந்திக்கொண்டு வேறு ஏற்பாடு செய்வது அரண்மனையை அவமதித்த மாதிரி. அப்படி முந்தியவனுக்கு மறு வருடம் பண்ணையில் வேலை இருக்காது.

பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு சும்மாடு கிடந்தது. பல்லக்குத் தண்டுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொள்கிற மெத்தை. பச்சைப் பாவாடைத் துணியில் மஞ்சள் பூப் போட்டது. ஆண்பிள்ளை சும்மாட்டுக்குப் பாவாடைத் துணியா என்று நான் சிரித்தபோது அம்மா என் வாயைப் பொத்தினாள். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு அக்கா இருந்த கதை தெரிய வந்தது. பெரியப்பாவின் ஒரே மகள். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவள். அவளுக்குப் பாவாடை சிறிதாகிப்போனதும் அதைச் சும்மாடாகத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இருமினால் ரத்தம் வந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பிழைப்பாள் என்று சாத்தூர் வைத்தியர் சொல்லியிருக்கிறார். ரயிலடி வரைக்கும் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோக வண்டி வேண்டும். ஊரில் வில்வண்டி அரண்மனையில் மட்டும்தான். அந்த வருடப் பங்குனிப் பொங்கலன்று, தூக்கி வந்த பல்லக்கை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, அதே பல்லக்குக்கு முன்னால் குனிந்து நின்று பெரியப்பா வண்டி கேட்டிருக்கிறார்.

"அம்மா யோசிக்கிறாக" என்று காரியஸ்தர் சொன்னார்.

பெரியப்பா காத்திருந்தார். சித்திரை பிறந்தது. வண்டி வரவில்லை. அக்கா போய்விட்டாள்.

இதில் என் நெஞ்சை இன்றும் அறுப்பது அவர் காத்திருந்தது மட்டுமல்ல. அதற்குப் பிறகும் பெரியம்மாவை அவர் குறை சொன்னதே இல்லை. "அம்மா வண்டி அனுப்பத்தான் நெனச்சிருப்பாக. அதுக்குள்ள எம்பிள்ளைக்கு அவசரம்" என்பார். கம்பெனி லாரி அரண்மனையைக் கடக்கும்போது, நின்றபடியே அந்த வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். பெரியம்மா காலமாகிவிட்டதாகச் செய்தி வந்த பிறகும் அந்தக் கும்பிடு நிற்கவில்லை.

பெரியம்மாவின் மகன் சின்ன ஜமீன் அதற்குள் மதராஸில் குடியேறியிருந்தார். என்ன நினைத்தாரோ, அரண்மனையின் முன்கட்டைப் பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக்கித் திறந்துவிட்டார். டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம் என்று பலகை தொங்கியது. பழைய காரியஸ்தர்தான் சுற்றிக் காட்டுகிறவர். சிவகாசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தப் பலகை எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று தோன்றவில்லை. எங்களுக்கு அந்த வீட்டில் பழக்கமானது கொல்லைப்புற வாசல் ஒன்றுதான்.

எங்கள் வாத்தியார் வகுப்பையே அழைத்துப் போனார். நல்ல மனிதர். எங்கள் தெருப் பிள்ளைகளைத் தனியாக நிறுத்தாமல் ஒரே வரிசையில் முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிப் போனார். வெயிலில் வந்த காலுக்கு அந்தத் தரை அப்படிக் குளிர்ந்தது. ஒரு ஆள் உயரக் கண்ணாடி இருந்தது. என்னை நான் முழுதாகப் பார்த்தது அதில்தான். பாவாடை ஒரு பக்கம் தூக்கி நின்றது அப்போதுதான் தெரிந்தது. மான் தலை, ஓடாத கடிகாரம், வெள்ளி எச்சில் படிக்கம், வாள் இல்லாத ஒரு வாளுறை. காரியஸ்தர் கையில் பிரம்பு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக் கதை சொன்னார். கதை சொல்வதில் மன்னன் அவர், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மான் எழுந்து ஓடிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாகப் பல்லக்கு. கறுத்த மரம், தண்டின் நுனியில் வெள்ளிப் பூண், சாயம் போன சிவப்புப் பட்டுத் திரை. என் பெரியப்பா தூக்கியது என்று பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகச் சொன்னேன். பல்லக்குக்கு அடியில் ஒரு அம்மிக்கல் கிடந்தது. காட்சிசாலையில் இதற்கென்ன வேலை என்று எல்லாருக்கும் சந்தேகம். வாத்தியார் கேட்டேவிட்டார்.

காரியஸ்தர் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி சிரித்தார். பிரம்பால் அம்மியைத் தட்டினார்.

"சார், இவுகதான் எங்க ரெண்டாவது பெரியம்மா. நெசமான பெரியம்மா மகங்கூடச் சண்ட போட்டுக்கிட்டு மதராசுக்கு வண்டியேறிட்டாக. இனி இந்த மண்ண மிதிக்க மாட்டேன்னுட்டாக. இங்கன கோயில்ல முத மரியாதை இருக்கே? அரண்மனை ஆளு வரலேன்னா அது வேற கைக்குப் போயிரும். அதான் சமையக்கட்டுல கெடந்த அம்மிய உள்ள தூக்கி வச்சு, தெரையப் போட்டு அனுப்பிட்டோம். ஜமீன் முடியிற மட்டும் அம்மிக்குத்தான் பரிவட்டம்."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"தூக்குனவங்களுக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? செவுத்தப் பாத்துல்ல நிப்பாங்க. இதுல கூத்து என்னன்னா, கல்லு முன்னால நின்னு மனு வேற கொடுப்பாங்க. தூக்குனவன்லயே ஒருத்தன், ரயிலடிக்குப் போக வண்டி வேணும்னு அம்புட்டு அழுகை அழுதான். நானும் காத வச்சுக் கேட்டுட்டு, அம்மா யோசிக்கிறாகன்னு சொன்னேன் பாருங்க."

எனக்கு அந்தத் தரையின் குளிர்ச்சி தலைவரைக்கும் ஏறியது. ஒருத்தன் என்று அவர் சொன்னது யாரை என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வண்டி எதற்கு என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னால் கதையில் சிரிப்பு வராது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்ததும் இரண்டு பேரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசினார்கள்.

"பெரியப்பாட்ட மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றார் அப்பா. "அண்ணன் தாங்க மாட்டாரு. இம்புட்டு வருசங்கழிச்சுத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"அந்தக் கும்பிடுலதான் அந்த மனுசன் உசிர வச்சுருக்காரு தாயி" என்றாள் அம்மா.

பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் தப்பாகக் கணக்குப் போட்டார்கள். அவரைத் தூக்கி நிறுத்தியிருப்பது அந்தக் கும்பிடுதான் என்று நினைத்தார்கள். அவரைக் குனிய வைத்திருந்ததே அதுதான். எனக்கு அப்போது இப்படியெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாது. பற்றிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க லாரி வரும் நேரத்தில் தெருமுனைக்குப் போய் நின்றேன். அரண்மனை வாசல் அங்கிருந்து தெரியும். ஒவ்வொரு நாளும் லாரி மேலிருந்து அந்தக் கை இரண்டும் கூடுவதைப் பார்த்தேன். சனிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருக்குப் பெரியப்பா கும்பிடு போடுறீக? பல்லக்குல யாருமே வரல. அம்மிக்கல்லுதான் இருந்துச்சு. அந்தக் காரியஸ்தரே எங்க வாத்தியார்ட்டச் சொல்லிச் சிரிச்சாரு."

சொல்லிவிட்டேன். இன்று வரைக்கும் அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் அங்கேயே உட்கார்ந்தார். முழுக் கதையையும் கேட்டார். "வண்டி கேட்டதயுமா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "எதுக்குக் கேட்டேன்னு சொன்னானா?" இல்லை என்றேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. காலையிலேயே குளித்து, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற வேட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பரணிலிருந்த சும்மாடு தோளில் கிடந்தது. காலில் டயர் செருப்பு. "பிள்ளய அனுப்பு" என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என் தலையைச் சீவி விட்டாள். அப்பா மட்டும் எங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

காட்சிசாலை வாசலில் டிக்கெட் கொடுக்கிற பையனிடம் இரண்டு டிக்கெட் வாங்கினார். உள்ளே சிவகாசிக் குடும்பம் ஒன்று பூட்ஸ் காலோடு மான் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காரியஸ்தர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, என்னலே இந்தப் பக்கம்? பின்னால வா. சோலி இருந்தா அங்கன சொல்லு."

"டிக்கெட்டு வாங்கிருக்கேன்."

"சரி, செருப்பக் கழத்திட்டு வா."

பெரியப்பா அந்தப் பூட்ஸ் கால்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செருப்போடு நடந்தார். அந்த டயர் செருப்புச் சத்தம் அரண்மனைக் கூடத்தில் எப்படிக் கேட்டது என்கிறீர்கள். எத்தனையோ திருவிழாவில் அதிர்வேட்டுச் சத்தம் கேட்டிருக்கிறேன். அதற்கு இது ஈடாகாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நேராகப் பல்லக்கிடம் போனார். கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய்த் திரையை விலக்கினார். அத்தனை வருடம் தோளில் சுமந்தவர் அன்றைக்குத்தான் உள்ளே எட்டிப் பார்த்தார். என்னையும் தூக்கிக் காட்டினார். கறுத்துப்போன வெல்வெட் மெத்தை. நடுவில் அம்மியின் நீள அகலத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்தில் மஞ்சள் அரைத்த கறை அப்படியே இருந்தது. அம்மியைக் கழுவி வைக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெரியப்பா சும்மாட்டைத் தோளில் சரி செய்துகொண்டு குனிந்தார். அடியில் கிடந்த அம்மியை அணைத்துத் தூக்கித் தோளில் ஏற்றினார். "ஏலே, அதத் தொடாத, காட்சிப் பொருளுலே" என்று காரியஸ்தர் பிரம்போடு வந்தார். பெரியப்பா அம்மியை மெத்தைப் பள்ளத்தில் இறக்கி வைத்தார். சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. திரையை இழுத்து மூடினார். பூட்ஸ் போட்ட குடும்பம் இதுவும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கிட்டே வந்து நின்றது.

பெரியப்பா கையைக் கட்டவில்லை. குனியவில்லை. நிமிர்ந்து நின்று, திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"அம்மா, எம்மகளுக்குக் காச்சல். இருமுனா ரத்தம் வருது. மதுர ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாப் பொழைப்பான்னு வைத்தியரு சொல்லுதாரு. ரயிலடி வரைக்கும் உங்க வண்டி வேணும்."

அன்று வேப்பமரத்தடியில் சொன்ன அதே வார்த்தைகள். பிறகு காரியஸ்தர் பக்கம் திரும்பினார்.

"காத வச்சுக் கேளுங்க. அம்மா என்ன சொல்றாக?"

காரியஸ்தர் திரையை விட்டு ஓரடி பின்வாங்கினார். சிவகாசிக்காரர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டுச் சொல்லுங்க" என்றார் பெரியப்பா மறுபடியும். குரலை உயர்த்தவே இல்லை. "நான் காத்திருக்கேன். எனக்குப் பழக்கந்தான்."

காரியஸ்தர் பிரம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். எங்கள் வகுப்புக்கு முன்னால் அத்தனை கதை சொன்ன வாய்.

"ஒண்ணும் சொல்லல" என்றார் கடைசியில்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா" என்றார் பெரியப்பா. "எம்பிள்ள என்ன பெரிய கனமா? இந்தத் தோள்லயே போட்டுக்கிட்டு நடந்தே போயிருப்பேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். பெரியப்பா அந்தச் சுமைதாங்கிக் கல்லில் உட்கார்ந்து, சும்மாட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை என்று அப்பா பிற்பாடு சொன்னார். அழுது முடித்து, "பசிக்குது, வா" என்றார். அவர் ஒடிந்துபோகவும் இல்லை, படுத்துக்கொள்ளவும் இல்லை. திங்கட்கிழமை லாரியில் வேலைக்குப் போனார். சாயங்காலம் தெருமுனையில் நின்று பார்த்தேன். அரண்மனையைக் கடக்கும்போது அவர் கை இரண்டும் லாரிக் கம்பியைத்தான் பிடித்திருந்தன.

சும்மாடு எங்கே போனது என்று தெரியவில்லை. பெரியப்பா போன பிறகு வீட்டைப் பிரித்துக் கட்டியபோது எந்தக் குப்பையோடு போனதோ. எந்த ஊர்க் காட்சிசாலைக்குப் போனாலும் என் கண் அதைத்தான் தேடுகிறது. பல்லக்கு வைத்திருக்கிறார்கள், தண்டின் வெள்ளிப் பூணைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்டு எந்தத் தோளில் இருந்தது என்று ஒரு வரி எழுதி வைத்த இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. அதனால்தான் சுற்றிக் காட்டுகிற பிள்ளைகளை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன். அவர்கள் விழிக்கிறார்கள். விழிக்கட்டும்.

அடுத்த மாதம் நாம் போகிற வீட்டிலும் ஒரு மூடு பல்லக்கு இருக்கிறதாம். செருப்பைக் கழற்றச் சொன்னால், எல்லாரும் கழற்றினால் நானும் கழற்றுவேன். கயிறு கட்டியிருந்தாலும் திரையை விலக்கி உள்ளே பார்க்காமல் நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். அவசரம் இருப்பவர்கள் வேனில் ஏறிக்கொள்ளுங்கள். நான் நடந்தே வந்துவிடுவேன்.